உடம்பு என்றைக்குப் படுத்தும் என்று தெரியாதபோது தொழில் நடத்துவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 6 ஆண்டுகளாக உங்களுக்கு முடக்கு வாதம். பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு, அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் சிறு தொழிலை 2 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியிருக்கிறீர்கள். உதவிக்கு ஒருவர் இருக்கிறார். ஆர்டர்களுக்குக் குறைவில்லை. ஆனால் மூட்டுகள் வீங்கும் வாரங்களில் கெடு தவறிவிடுகிறது. போன மாதம் இரண்டு பேருக்குச் சொன்ன தேதியில் கொடுக்க முடியவில்லை, அவர்களுக்கு இன்னும் பதிலும் சொல்லவில்லை. வீட்டிலோ "சுவர் இருந்தால்தான் சித்திரம், மூடிவிடு" என்கிறார்கள். மூடுவதா, தொடர்வதா, நோயை வாடிக்கையாளர்களிடம் சொல்லலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

மூட வேண்டாம். ஆனால் இப்போது நடக்கும் விதத்திலேயே தொடரவும் வேண்டாம். நான் மருத்துவர் இல்லை. பிழைதிருத்தமும் பக்க வடிவமைப்பும் செய்து கொடுக்கும் மூன்று பேர் கொண்ட சிறு நிறுவனத்தை 17 ஆண்டுகளாக நடத்துகிறேன்; அதில் 14 ஆண்டுகள், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோயோடு. முதல் நான்கு ஆண்டுகளில் நீங்கள் இன்று நிற்கும் இடத்தில்தான் நானும் நின்றேன். அதனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது மனம் கனத்தது. அதே சமயம், இதற்கு வழி உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் தொழிலைக் கெடுப்பது நோயா, நோயின் நிச்சயமின்மையா? எனக்குத் தெரிந்த ஒருவர் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும், அன்று முழுவதும் களைப்பு. நம் இருவருடைய நோயையும்விட அது கடுமையானது. ஆனாலும் அவருடைய கடை ஒழுங்காக நடக்கிறது. எந்த மூன்று நாட்கள் தன்னுடையவை அல்ல என்பது அவருக்கு முன்பே தெரியும், வாடிக்கையாளர்களுக்கும் தெரியும். நமக்கு அப்படி இல்லை. நமக்கு மாதத்தில் ஐந்தோ ஆறோ நாட்கள்தான் கெடுகின்றன, ஆனால் எந்த ஐந்து என்பது தெரியாது. தொழில் தடுமாறுவது அங்கேதான்.

இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. வரிசையில் காத்திருக்கும் நேரத்தைப் பற்றி கணித அறிஞர் ஜான் கிங்மன் 1961-ல் ஒரு சூத்திரம் தந்தார். அதன் சாரத்தை எளிய அளவில் இப்படிச் சொல்லலாம். உங்கள் வேலைத்திறனில் பாதியை மட்டும் ஆர்டர்களால் நிரப்பினால், புதிதாக வரும் ஒரு வேலை சராசரியாக ஒரு வேலைக்கான நேரம் காத்திருக்கும். 80 சதவீதம் நிரப்பினால் அதுவே நான்கு மடங்காகும். 90 சதவீதத்தில் ஒன்பது மடங்கு. அதற்கு மேல் காத்திருப்பு மலைபோல் ஏறும். வேலை செய்யும் வேகம் நாளுக்கு நாள் எவ்வளவு ஏறி இறங்குகிறதோ, அந்தக் காத்திருப்பு அவ்வளவுக்கு இன்னும் பெருகும். ஆலைகளுக்கும் தொலைபேசி நிலையங்களுக்கும் பொருந்தும் இந்தக் கணக்கு நம்மைப் போன்றவர்களுக்கு மிகக் கறாராகப் பொருந்துகிறது. வேகம் ஒரே சீராக இருப்பவர் நாட்குறிப்பை 85 சதவீதம் நிரப்பிச் சமாளிக்கலாம். நம் வேகம் சீரானதல்ல. நாம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் கெடுக்கள் தவறியது நீங்கள் சோம்பியதால் அல்ல; உடம்பு நன்றாக இருந்த ஒரு வாரத்தில், அந்த வாரத்தின் வேகத்தை நம்பி ஆர்டர்களை ஏற்றுக்கொண்டதால்.

60 சதவீதம் என்றால் எதில் 60? இங்கேதான் பெரும்பாலோர் ஊகத்தில் இருக்கிறார்கள். எட்டு வாரங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வலியை ஒன்றிலிருந்து பத்து வரை குறிக்கும் பழக்கம் மருத்துவருக்கு உதவும், தொழிலுக்குப் போதாது. தினமும் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: இன்று உண்மையாகத் தைத்த நேரம் எவ்வளவு, பிரித்து மறுபடியும் தைக்க வேண்டி வந்தது எவ்வளவு, நேற்றும் முந்தாநாளும் என்ன செய்தோம். இந்த மூன்றாவது வரிதான் கண்ணைத் திறக்கும். நான் எழுதிப் பார்த்தபோது, என்னைப் படுக்கையில் தள்ளிய நாட்களில் பாதிக்கு மேல், இரண்டு நாள் முன்பு உற்சாகமாக இரவு பத்து மணி வரை உழைத்த நாட்களின் விளைவு என்று தெரிந்தது. நல்ல நாளில் அள்ளிக் குவித்துவிட்டுக் கெட்ட நாளில் சரிவது நம் எல்லோரிடமும் இருக்கும் பழக்கம். நல்ல நாளுக்கும் ஒரு உச்சவரம்பு வைக்க வேண்டும். அதுதான் மிகவும் கடினம், ஏனென்றால் அன்றைக்கு நாம் நோயாளி இல்லை என்று உடம்பு நம்பவைக்கிறது.

இதைப் படிப்பவர்களில் நாட்பட்ட சோர்வு நோய் உள்ளவர்கள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. உங்களுக்கு இது பழக்கத்தோடு நிற்பதில்லை. உழைப்பின் தண்டனை 12 முதல் 48 மணி நேரம் கழித்து வருவதே அந்த நோயின் அடையாளம், அது வாரக்கணக்கில் நீடிக்கவும் கூடும். கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையை அந்த நோய்க்குத் தர வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021-ல் வழிகாட்டியது. தொழிலிலும் "இன்னும் கொஞ்சம் முயன்று பார்" என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

உங்கள் நோட்டில் வேறு சிலவும் தெரியவரும். முடக்கு வாதத்தில் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிப்பது வழக்கம். அப்படியென்றால் காலை எட்டு மணிக்குத் துணி வெட்டும் வேலையை ஏன் வைத்துக்கொள்கிறீர்கள்? அந்த நேரத்தில் போன் பேசுங்கள், கணக்குப் பாருங்கள், கைக்கு வேலை பதினொரு மணிக்குப் பிறகு. முடக்கு வாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டை நீங்கள் எடுப்பவராக இருந்தால், அது வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் எடுக்கும் மருந்து. மறுநாள் குமட்டலும் அசதியும் பலருக்கு வரும். அந்த மறுநாள் உங்கள் விடுமுறை நாளில் விழும்படி நாளை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இது எவ்வளவு எளிய கேள்வி! எனக்குத் தெரிந்த பலர் ஆண்டுக்கணக்கில் கேட்காமலே வாரத்தின் சிறந்த வேலைநாளை இழந்திருக்கிறார்கள்.

இனி விலை. இதைக் கசப்பாக இருந்தாலும் எண்களாகவே பாருங்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் நம்பி வேலை செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல், கணக்கு, போன், மருத்துவமனை என்று 8 மணி நேரம் போய்விடும். கூலி தரும் நேரம் 12. ஆண்டின் 52 வாரங்களில் ஓய்வுக்கு 4, உடம்பு படுத்தும் வாரங்களுக்கு 8 கழித்தால் மிச்சம் 40. ஆக ஆண்டு முழுவதும் உங்களிடம் விற்க இருப்பது 480 மணி நேரம். நோயில்லாத ஒருவர் 46 வாரங்கள், வாரம் 25 மணி நேரம் விற்றால் அவரிடம் 1,150. அவர் வைக்கும் அதே கூலியை நீங்களும் வைத்தால் அவருடைய வருமானத்தில் பாதிகூட உங்களுக்கு வராது. இரண்டரை மடங்கு கூலி கேட்டால் யாரும் வரமாட்டார்கள். இந்தக் கணக்கை நான் முதன்முதலில் போட்ட இரவில் அழுதேன். ஆனால் அந்தக் கணக்குதான் என்னைக் காப்பாற்றியது. மணி நேரத்தை விற்றுப் பிழைக்கும் தொழில் நமக்கு ஏற்றதல்ல என்பதை அது சந்தேகமில்லாமல் காட்டிவிட்டது.

அப்படியானால் எதை விற்பது? உங்கள் தொழிலிலேயே ஒருவர் இதற்கு விடை கண்டிருக்கிறார். மார்கரெட்டே ஷ்டைஃப், ஜெர்மனியில் 1847-ல் பிறந்தவர். ஒன்றரை வயதில் போலியோ. கால்கள் செயலிழந்தன, வலது கையும் வலுவற்றுப் போனது. வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலி. தையல் இயந்திரத்தின் சக்கரத்தை வலது கையால் சுழற்ற முடியாததால், இயந்திரத்தையே திருப்பிவைத்து இடது கையால் சுழற்றித் தைத்தார் என்று சொல்லப்படுகிறது. அந்த ஒரு படத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அடுத்து அவர் எடுத்த முடிவுகள். 1877-ல் ஃபெல்ட் என்னும் கம்பளித் துணியால் செய்த ஆயத்த ஆடைகளை விற்கும் கடையைத் தொடங்கினார். ஃபெல்ட்டின் ஓரம் நூல் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டியதில்லை. கைக்கு வேலை குறைவு. 1880-ல் ஊசி குத்திவைக்கும் சிறு திண்டு ஒன்றை யானை வடிவத்தில் செய்தார். குழந்தைகள் அதைப் பொம்மையாக எடுத்து விளையாடத் தொடங்கின. பொம்மைக்கு யாருடைய அளவும் தேவையில்லை, யாருடைய விழாத் தேதியும் இல்லை. முடிந்த நாளில் தைத்து அடுக்கிவைக்கலாம், கேட்ட நாளில் விற்கலாம். பிறகு உறவினர்கள் தொழிலில் சேர்ந்தார்கள், அண்ணனோ தம்பியோ பெற்ற பிள்ளை ஒருவர் கரடிப் பொம்மையை வடிவமைத்தார். 1907-ல் மட்டும் அந்த நிறுவனம் 9,74,000 கரடிகளைச் செய்தது. நாமும் அத்தனை பெரிதாக வளர வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வேலை செய்யும் நாளையும் விற்கும் நாளையும் அவர் பிரித்துவிட்டார். அந்தப் பிரிவுதான் நமக்கு வேண்டியது.

உங்கள் ஆர்டர்களை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஒன்று, தேதி தவறினால் பயனற்றுப் போகும் வேலை: திருமணத்துக்கு, விழாவுக்கு. மற்றது, ஒரு வாரம் தள்ளினாலும் குடி முழுகாத வேலை. இன்று உங்களிடம் முதல் குவியல்தான் பெரிது என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் கூலி அதிகம். அதை மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள். அதற்கும் உங்களுக்குத் தேவைப்படும் நாட்களைப் போல இரண்டு மடங்கு நாள் கேளுங்கள். பத்து நாள் ஆகும் என்றால் இருபது நாள் சொல்லுங்கள். பன்னிரண்டாம் நாள் கொடுத்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள். அவசரம் என்பவர்களை இன்னொரு தையல்காரரிடம் அனுப்பிவிடுங்கள். மிச்சமுள்ள இடத்தில் அளவெடுக்காமல் செய்யக்கூடிய பொருட்களை வையுங்கள்: பைகள், உறைகள், நிலையான மூன்று அளவுகளில் குழந்தை உடைகள். நீங்கள் கற்ற வேலையைச் சொல்லிக் கொடுக்கவும் செய்யலாம். வெட்டும் மாதிரிகளை வரைந்து விற்பதும் ஒரு வழி. ஒருமுறை வரைந்த மாதிரி, நீங்கள் படுத்திருக்கும் நாளிலும் விற்கும்.

கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழுத்திய பின் தானே திறந்துகொள்ளும் கத்தரிக்கோல், சக்கரம்போல் சுழன்று வெட்டும் கத்தி, பருமனான பிடிகள் இவற்றுக்கு இதுவரை செலவு செய்யவில்லை என்றால் முதல் வேலையாகச் செய்யுங்கள். மூட்டுகளைக் காக்கும் முறைகளைச் சொல்லித்தரும் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை அவரைப் பார்த்து, நீங்கள் வேலை செய்யும் மேசையின் படத்தையும் காட்டுங்கள்.

ஆட்களின் விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தின் மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் சிறுவயதில் பெரியம்மை கண்டு முழங்கால் கெட்டவர். காலால் உந்திச் சுழற்றும் குயவர் சக்கரம் அவருக்கு ஒத்துவரவில்லை; வடிவமைப்பிலும் மெருகுக் கலவைச் சோதனைகளிலும் இறங்கினார். 1762-ல் லிவர்பூல் போன இடத்தில் அந்தக் கால் மறுபடி மோசமாகிப் படுத்த படுக்கையானார். அங்கேதான் தாமஸ் பென்ட்லி என்ற வணிகர் அறிமுகமானார். பின்னாளில் பென்ட்லி பங்குதாரராகி விற்பனையைப் பார்த்துக்கொண்டார், வெட்ஜ்வுட் தயாரிப்பைப் பார்த்துக்கொண்டார். 1768-ல், மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில், வெட்ஜ்வுட்டின் காலை எடுக்க வேண்டி வந்தது. அடுத்த ஆண்டே அவருடைய புதிய ஆலை திறந்தது. தனி ஆளாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

உங்கள் உதவியாளர் இப்போது நீங்கள் சொல்வதைச் செய்பவர். நீங்கள் சொல்லாத நாளிலும் செய்யக்கூடியவராக அவரை மாற்ற வேண்டும். அதற்கு ஒரே வழி எழுதிவைப்பது. எந்த ஆர்டர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்தத் துணி எங்கே, முன்பணம் எவ்வளவு, யாருக்கு எந்தத் தேதி என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருந்தால், நீங்கள் படுத்த அன்றைக்குத் தொழிலும் படுத்துவிடும். ஒவ்வொரு துணியோடும் ஒரு அட்டையைக் குத்திவையுங்கள். உங்களுக்குப் பதிலாக வாடிக்கையாளரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் வாக்கியமாக எழுதிக் கொடுங்கள். வங்கிக் கணக்கில் நம்பகமான ஒருவருக்குக் கையெழுத்து அதிகாரம், கடவுச்சொற்களை மூடிய உறையில் ஒருவரிடம், மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள் கடையில் ஓரிடத்தில். இவற்றையெல்லாம் உடம்பு நன்றாக இருக்கும்போது ஒரு மதியத்தில் முடித்துவிடலாம்.

பணத்தில் நான் வலியுறுத்துவது மூன்றுதான். மருத்துவச் செலவை எப்போதாவது வரும் இடியாக நினைக்காமல், வாடகையைப் போல மாதாந்தரச் செலவாக எழுதுங்கள். மூன்று மாதக் கடைச்செலவைத் தனிக்கணக்கில் சேருங்கள், மெதுவாகவேனும். காப்பீடு எடுப்பதானால் நோயை மறைக்காதீர்கள். மறைத்து எடுத்த காப்பீடு வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிடும்.

வாடிக்கையாளர்களிடம் சொல்லலாமா? நான் இரண்டு தவறுகளையும் செய்திருக்கிறேன். முதலில் எதையும் சொல்லாமல், மின்சாரம் இல்லை, கணினி பழுது என்று பொய்க் காரணங்களை அடுக்கினேன். ஒரு கட்டத்தில் எந்தப் பொய்யை யாரிடம் சொன்னேன் என்பதே மறந்துபோனது. நல்ல வாடிக்கையாளர் ஒருவர் அதனாலேயே விலகினார். பிறகு எதிர்த்திசைக்குப் போய், எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் அன்பாகத்தான் கேட்டார்கள், ஆனால் அடுத்த வேலையைத் தயக்கத்தோடு வேறிடம் கொடுத்தார்கள். இப்போது நான் சொல்வது இவ்வளவுதான்: "எனக்கு நீண்டகால உடல்நலக் குறைவு ஒன்று உண்டு. அதற்காகவே நாட்களைக் கூட்டிக் கேட்கிறேன். தேதியில் மாற்றம் வந்தால் மூன்று நாள் முன்பே சொல்வேன்." நோயின் பெயர் அவர்களுக்குத் தேவையில்லை. தேதி தேவை, தாமதம் முன்கூட்டியே தெரிவது தேவை. முன்பே சொன்ன தாமதத்தைப் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மூளை மந்தமாகும் நாட்களுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: அன்று விலை சொல்வதில்லை, கடன் வாங்குவதில்லை, யாரோடும் உறவை முறிப்பதில்லை. நீரிழிவு உள்ள தொழில்முனைவோருக்கு இது இன்னும் அவசியம். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கும்போது முடிவெடுக்கும் திறன் தடுமாறும், அது தடுமாறுவது நமக்கே தெரியாது. 15 கிராம் சர்க்கரைச் சத்தை எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, அளவு ஏறிய பிறகு பேசினால் போதும். காத்திருக்க முடியாத பேரம் என்று ஒன்று அநேகமாகக் கிடையாது.

வீட்டாரின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள். மூட வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு, அதை நான் நெருங்கிப் பார்த்திருக்கிறேன். பெரிய வேலை ஒன்றை முடிக்க வேண்டும் என்பதற்காக, மருத்துவரைக் கேட்காமல் ஸ்டீராய்டு மாத்திரையின் அளவை நானே கூட்டிக்கொண்டேன். வலி பறந்தது, வேலை முடிந்தது. அடுத்த மாதமும் கூட்டினேன். மூன்றாவது முறை மருத்துவர் கண்டுபிடித்தபோது அவர் குரல் உயரவில்லை, ஆனால் அவர் முகத்தை இன்றும் மறக்கவில்லை. அந்த மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தாலே உடல் தானாகச் சுரக்க வேண்டிய கார்டிசோல் என்னும் ஹார்மோன் குறையத் தொடங்கும். பிறகு திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. கெடுவுக்காக மருந்தைக் கூட்டுவது, வேலைக்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது, மாத்திரை வாங்கும் பணத்தில் துணி வாங்குவது: இந்த மூன்றில் ஒன்று உங்கள் வாழ்க்கையில் நுழைந்திருந்தால், அன்றே புதிய ஆர்டர்களை நிறுத்துங்கள். சில மாதங்கள் தொழிலைப் பாதியாகச் சுருக்குங்கள். அப்படியும் அது தொடர்ந்தால் வீட்டார் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை, அதனால்தான் மூட வேண்டாம் என்றேன்.

இன்று செய்ய வேண்டியது, அந்த இரண்டு பேருக்கும் போன் செய்வது. காரணத்தை நீட்ட வேண்டாம். "சொன்ன தேதியில் தர முடியவில்லை, மன்னிக்கவும். இன்ன தேதியில் தருகிறேன். வேண்டாம் என்றால் முன்பணத்தை முழுவதுமாகத் திருப்பித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அந்தத் தேதியும் நீங்கள் நினைப்பதைவிட ஒரு வாரம் தள்ளியே இருக்கட்டும். பணத்தைத் திருப்பிக் கேட்பவருக்கு அன்றே கொடுத்துவிடுங்கள். மற்றவருடைய துணியை உதவியாளர் வெட்டட்டும். நீங்கள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டுங்கள். வீக்கம் வடியும்வரை கத்தரிக்கோல் அவர் கையிலேயே இருக்கட்டும்.